தங்கவயல் கதை – 14: வெள்ளைக்கல்லின் மின்சாரம்

காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902-ஆம் ஆண்டின் நடுவில் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் பேசப்போவது கம்பியில் வராத மின்சாரம். பாறை நெரிபடும்போது பாறைக்குள்ளேயே பிறப்பது அது. நிலநடுக்கத்தின்போது வானத்திலும் மலைமுகட்டிலும் வெளிச்சம் தெரிந்ததாக நூற்றாண்டுகளாக மக்கள் சொல்லிவரும் சாட்சியத்துக்கு விஞ்ஞானிகள் தேடும் விடைகள் பலவும் இந்த மின்சாரத்தில்தான் போய் முடிகின்றன.

தங்கவயல் வரலாற்றில் நிலநடுக்கத்துக்கு என்ன வேலை என்று நினைக்கலாம். நடுங்கிக்கொண்டே வாழ்ந்த ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. அங்கே பாறையின் வெப்பமே 65 டிகிரி செல்சியஸுக்கு மேல். அந்த ஆழத்தில் தலைக்கு மேலுள்ள பாறையின் கனத்தைக் கணக்குப் போட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 900 கிலோ வரும். தாதுவை வெட்டி எடுத்த இடம் வெற்றிடமாகிறது. அந்த இடம் தாங்கிக்கொண்டிருந்த சுமை பக்கத்துப் பாறைக்கு மாறுகிறது. இங்குள்ள பாறை களிமண்ணைப் போல வளைந்து கொடுக்கும் சாதியல்ல. பல ஆண்டுகள் அசையாமல் தாங்கும். பிறகு ஒரு நொடியில் உடையும். அதைத்தான் ராக் பர்ஸ்ட் என்கிறோம். அந்தக் காலத்துத் தொழிலாளிகளும் துரைமார்களும் சொன்னது ஏர் பிளாஸ்ட். பாறை தெறித்த வேகத்தில் சுரங்கப் பாதைகளில் காற்று சூறையாகப் பாய்ந்து ஆளையே தள்ளியதால், காற்றுதான் வெடிக்கிறது என்று முதலில் எண்ணினார்கள்.

மேலே லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கு அது வேறு விதமாகத் தெரியும். தரை ஒரு உதை உதைக்கும். அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் சரியும், ஓடுகள் கடகடக்கும், சுவரில் விரிசல் ஓடும். அந்த நேரத்து ஷிஃப்டில் யார் வீட்டு ஆள் கீழே இறங்கியிருக்கிறார் என்ற நினைப்புதான் முதலில் வரும். ஷாஃப்ட் வாசலுக்கு ஓடிய பெண்களின் கூட்டத்தை இவ்வூர்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக அறியும்.

இந்த நடுக்கங்களை ஆராய்ந்து எழுதும் வேலை மிகவும் முன்னதாகவே தொடங்கிவிட்டது. மைசூர் சமஸ்தானத்தின் புவியியல் துறையைச் சேர்ந்த டபிள்யூ.எஃப். ஸ்மீத், கோலார் தங்கவயலின் ஏர் பிளாஸ்ட்டுகளையும் குலுக்கங்களையும் பற்றி 1904-ல் தனி அறிக்கையே வெளியிட்டார். அதன் பிறகு சில ஆண்டுகளில் வீஷர்ட் வகை நில அதிர்வுமானி இங்கே வந்தது. சுரங்கத்துக்கென்று நில அதிர்வு பார்க்கும் வழக்கம் உலகில் பல இடங்களில் எட்டிப் பார்க்காத காலம் அது. 1962-ல் சாம்பியன் ரீஃபின் கிளென் பகுதியில் நடந்தது போன்ற பெரிய வெடிப்புகளை ‘ஏரியா ராக் பர்ஸ்ட்’ என்று தனியாகப் பிரித்தே சொன்னார்கள். ஒரே அடியோடு நிற்காமல், பின்னதிர்வுகள் வரிசையாகத் தொடரும். பல லெவல்களில் பாதைகள் நொறுங்கும். கௌரிபிதனூரில் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டறிய 1960களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த அதிர்வுமானி வரிசை, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தங்கவயலின் வெடிப்புகளையும் பதிவு செய்தது. 1978-ல் அதே மையத்தின் துணையோடு தங்கவயலுக்குள்ளேயே ஜியோஃபோன்களின் வலை விரிக்கப்பட்டது. 1988-ல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்கும் இந்த வெடிப்புகளோடு போராடிய அனுபவம்தான் அடித்தளம்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம்.

இத்தாலியப் பாதிரியார் இக்னாசியோ கல்லி, நிலநடுக்கத்தோடு ஒளி தெரிந்ததாகப் பழைய ஏடுகள் சொல்லும் 148 நிகழ்வுகளைத் தொகுத்து 1910-ல் வெளியிட்டார். ஜப்பானில் 1930-ன் இஸு நிலநடுக்கத்துக்குப் பிறகு முஷா என்ற ஆய்வாளர் சுமார் 1,500 சாட்சியங்களைத் திரட்டினார். இயற்பியலாளர் தெராதா தொராஹிகோ அவற்றை எடுத்துக்கொண்டு அலசினார். ஆனாலும் நில அதிர்வு விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் இதைப் பயந்துபோன மக்களின் கற்பனை என்றே ஒதுக்கினார்கள். அவர்களைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைத்தவை ஜப்பானின் மட்சுஷிரோவில் எடுத்த புகைப்படங்கள். 1965 முதல் 1967 வரை அந்தப் பகுதியில் தொடர்ச்சியாக ஆயிரக்கணக்கான சிறு நடுக்கங்கள் வந்தன. இன்று நடுங்கினால் நாளையும் நடுங்கும் என்ற நிலை. ஆகவே உள்ளூர்க்காரர் ஒருவர் கேமராவோடு காத்திருந்து படம் பிடிக்க முடிந்தது. மலைகளுக்குப் பின்னால் விடியல் போல வெண்மையான ஒளி. அதைப் பரிசீலித்த யாசுய் யுதாகா குறித்து வைத்த ஒரு செய்தி நமக்கு முக்கியம்: ஒளி தெரிந்தது நடுக்கத்தின் மையத்துக்கு நேர் மேலே அல்ல, குவார்ட்ஸ் கலந்த பாறையாலான மலைமுகடுகளில்.

குவார்ட்ஸ் என்றதும் தங்கவயல்காரர் காது கொடுப்பார். இங்கே தங்கம் கிடைத்ததே குவார்ட்ஸ் ரீஃபில்தான். சுமார் 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமும் கொண்ட கரும்பச்சைப் பாறைப் பட்டை. வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டு. அதற்குள் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும் வெள்ளைக்கல் தகடுதான் சாம்பியன் ரீஃப். அதே இனத்து வெள்ளைக்கல்லைத்தான் நம் கிராமங்களில் வெங்கச்சங்கல் என்கிறோம். இருட்டறையில் இரண்டு வெங்கச்சங்கற்களை எடுத்து அழுத்தி உரசிப் பாருங்கள். தெறிக்கும் பொறியைச் சொல்லவில்லை. கல்லின் உடம்புக்குள்ளேயே மங்கலான ஆரஞ்சு வெளிச்சம் ஓடி மறையும். பிறகு மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை வரும். தண்ணீருக்குள் வைத்து உரசினாலும் அந்த வெளிச்சம் வரும். ஆகவே அது சாதாரணத் தீப்பொறி அல்ல. படிகம் உடையும் இடத்தில், உடைந்த இரு முகங்களிலும் எதிரெதிர் மின்னூட்டம் பிரிந்து நிற்கிறது. அது மறுபடி சேரும்போது ஒளி உண்டாகிறது. கற்கண்டை இருட்டில் நொறுக்கினாலும் நீல ஒளி மின்னும். சர்க்கரையை உடைத்தால் ஒளிர்வதை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரான்சிஸ் பேக்கன் குறித்து வைத்திருக்கிறார்.

1880-ல் ஜான் டெய்லர் என்ற சுரங்கக் கம்பெனி கோலாரில் கால் வைத்தது. அதே 1880-ல் பாரிஸில் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டுபிடித்தார்கள். அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரை அமுக்கியதும் டக்கென்று பொறி பறக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இதே விதிதான். பிற்காலத்தில் மேரி கியூரியின் கணவராக உலகம் அறியப்போகும் மனிதர், தங்கவயல் எந்தக் கல்லை உடைத்துப் பிழைக்கப்போகிறதோ அந்தக் கல்லின் மின்சாரத்தை அதே ஆண்டில் அளந்துகொண்டிருந்தார். வெறும் தற்செயல்தான்; இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நிலநடுக்க ஒளிக்கு முதலில் முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் இதுவே பலருக்கும் பிடித்தது. 1970-ல் ஃபிங்கல்ஸ்டைன், பவல் என்ற இரு அமெரிக்கர்கள் இதை வெளிப்படையாக எழுதினார்கள்: நில அதிர்வு அலை குவார்ட்ஸ் நிறைந்த பாறையை அமுக்குகிறது, மின்னழுத்தம் எழுகிறது, மேலே காற்றில் மின்னல் போலக் கசிகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், பாறையில் உள்ள கோடானுகோடி குவார்ட்ஸ் மணிகள் ஒரே திசை பார்த்து நிற்பதில்லை. ஒன்று கிழக்கே தள்ளும் மின்னூட்டத்தை இன்னொன்று மேற்கே இழுக்கும். கூட்டிக் கழித்தால் ஏறக்குறையப் பூஜ்யம். மலையளவு மின்னழுத்தம் இப்படிச் சேராது.

இரண்டாவது அடி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அமெரிக்கச் சுரங்கத் துறை ஆய்வகத்தின் பிரையன் பிரேடியும் கிளென் ரோவெலும் 1986-ல் கிரானைட்டையும் பசால்ட்டையும் அழுத்தி நொறுக்கி, வெளிவந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார்கள். பசால்ட்டில் குவார்ட்ஸ் இல்லை, அதுவும் ஒளிர்ந்தது. அதைவிட முக்கியமானது, ஒளியின் நிறமாலை பாறையுடையதாக இல்லை. ஆர்கானில் உடைத்தால் ஆர்கானின் கோடுகள், காற்றில் உடைத்தால் காற்றின் கோடுகள். உடைந்த முகத்திலிருந்து பாய்ந்த எலெக்ட்ரான்கள் சுற்றியுள்ள வாயுவைத் தாக்க, அந்த வாயுதான் ஒளிர்ந்தது. சுரங்க விபத்துகளுக்காகப் பாறை உடைவதைப் படித்தவர்களே நிலநடுக்க ஒளிக்கும் ஒரு சாவி தந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மின்சாரம் பட்டு வாயு ஒளிர்வது தங்கவயலுக்குப் புதிதல்ல. 1965-ல் சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக இறங்கி, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடினார்கள். அவர்கள் அடுக்கி வைத்திருந்தவை நியான் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள். துகள் கடந்ததும் எல்லாக் குழாய்களுக்கும் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், துகள் கடந்துபோன குழாய்கள் மட்டும் பளிச்சிடும். அந்தக் கதைக்குத் தனி வாரம் இருக்கிறது. இங்கே வேண்டியது ஒன்றுதான்: ஒளிர வேண்டுமானால் வாயுவும், அதை உசுப்ப மின்னூட்டமும் போதும், பாறை பழுக்கக் காய்ந்து எரிய வேண்டிய அவசியமில்லை.

ஆனால் உடையும் முகத்தில் பிறக்கும் ஒளி உடைந்த இடத்தில்தான் தெரியும். பூமிக்கு அடியில் பத்து கிலோமீட்டரில் பாறை உடைந்தால் மேலே மலைமுகடு ஏன் மின்ன வேண்டும்? நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஃப்ரீடெமான் ஃப்ராய்ண்ட் இதற்குத்தான் மூன்றாவது விளக்கத்தைக் கொண்டுவந்தார். பாறைக்குழம்பு உறைந்து உருவான பாறைகளின் தாதுக்களில் ஆக்சிஜன் அணுக்கள் சில இடங்களில் ஜோடி சேர்ந்து கிடக்கின்றன. பாறையை நெரித்தால் அந்த ஜோடி பிரிகிறது. ஓர் எலெக்ட்ரான் குறைந்த இடம், அதாவது நேர்மின் குழி ஒன்று, விடுபட்டு அணுவிலிருந்து அணுவுக்குத் தாவிக்கொண்டு நெரிபடாத பக்கம் ஓடுகிறது. ஒரு மீட்டருக்குச் சற்று நீளமான கிரானைட் பாளத்தின் ஒரு முனையை மட்டும் அழுத்தி, மறு முனையில் மின்னோட்டம் வருவதை அவர் குழு அளந்து 2006-ல் வெளியிட்டது. பூமிக்குள்ளும் இப்படி நடந்தால் மின்னூட்டம் மேலே ஏறி, கூர்மையான முகடுகளில் குவிந்து, காற்றை அயனியாக்கி ஒளிரச் செய்யலாம். நடுக்கத்துக்கு முன்பே சில இடங்களில் ஒளி தெரிந்ததாகச் சொல்வதற்கும் இதில் இடம் உண்டு, ஏனென்றால் பாறை உடைவதற்கு முன்பே நெரிபடத் தொடங்கிவிடுகிறது.

2014-ல் ராபர்ட் தெரியோ, ஃபிரான்ஸ் சென்லோரன், ஃப்ராய்ண்ட், ஜான் டெர் நால்வரும் சேர்ந்து 1600-க்குப் பிந்தைய, சான்று வலுவாக உள்ள 65 நிகழ்வுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். 56 நிகழ்வுகள் நிலத்தட்டு இழுபட்டுப் பிளந்த பள்ளத்தாக்குகளை ஒட்டியவை. கிட்டத்தட்ட எல்லாமே செங்குத்தான பிளவுகளோடு சேர்ந்தவை. 2009-ல் இத்தாலியின் லாக்விலாவில், நடுக்கம் தாக்குவதற்குச் சில நொடிகள் முன்னால் கல் பாவிய தெருவில் பத்து சென்டிமீட்டர் உயரச் சுடர்கள் ஆடியதாக மக்கள் சொன்னதும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஃப்ராய்ண்டின் கொள்கைக்கும் எதிர்ப்பு உண்டு. அந்த எதிர்ப்பு தங்கவயலின் இன்றைய நிலையைத் தொடுகிறது. அதே 2014-ல் ராபர்ட் டால்கிரன் குழு காப்ரோ பாறையை உலர்ந்த நிலையிலும் நீர் ஊறிய நிலையிலும் அழுத்தி ஒப்பிட்டது. நீர் ஊறிய பாறையில் எதிர்பார்த்த மின்னோட்டம் கிடைக்கவில்லை. பூமியின் ஆழத்தில் பாறை பெரும்பாலும் நனைந்தே இருக்கிறது. ஆய்வுக்கூடத்து உலர்ந்த கல்லை வைத்துக்கொண்டு மலைக்குள் நடப்பதைச் சொல்ல முடியுமா என்பதே கேள்வி.

என்னைக் கேட்டால், மூன்றில் எதற்கும் முழு மதிப்பெண் போட முடியாது. பிரேடி-ரோவெல் சோதனை ஒளி எப்படி உண்டாகிறது என்பதைக் கையில் பிடித்துக் காட்டுகிறது, தூரத்தைத் தாண்டவில்லை. ஃப்ராய்ண்ட் தூரத்தைத் தாண்டுகிறார், நீரில் வழுக்குகிறார். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி மிகச் சாதாரணமானது: பார்த்தது மின்கம்பியின் பொறியா இல்லையா? நிலம் ஆடும்போது கம்பிகள் உரசும், டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கும், வானமே நீலமாகவும் பச்சையாகவும் மின்னும். 2017-லும் 2021-லும் மெக்ஸிகோ சிட்டியில் எடுத்த காட்சிகளைப் பற்றி இந்த வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2023 செப்டம்பரில் மொராக்கோ நிலநடுக்கத்தோடு சேர்த்து வாட்ஸ்ஆப்பில் சுற்றிய வீடியோக்களையும் இந்தச் சல்லடையில் போட்டே பார்க்க வேண்டும். 2007-ல் பெருவின் பிஸ்கோ நிலநடுக்கத்தின்போது லிமா நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாதுகாப்புக் கேமராவில் பதிவான ஒளிக்கு மதிப்பு அதிகம். அந்த வளாகத்திலேயே அதிர்வுமானியும் இருந்தது. ஒளி மின்னிய நொடியையும் அலை வந்த நொடியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிந்தது.

தங்கத்துக்கு வருகிறேன். வானத்து வெளிச்சத்தை விளக்கத் தோற்றுப்போன குவார்ட்ஸ் மின்சாரம், வேறொரு புதிரில் ஜெயித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் வாய்சியும் சகாக்களும் 2024-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தங்கம் கரைந்த கரைசலில் குவார்ட்ஸ் படிகங்களை மூழ்கடித்து, நிலநடுக்க அலையை ஒத்த வேகத்தில் மோட்டாரால் அதிர வைத்தார்கள். படிகத்தின் முகத்தில் தங்கம் படிந்தது. அதிலும் ஏற்கெனவே தங்கத் துணுக்கு இருந்த இடத்தைத் தேடிப் போய் மேலும் மேலும் படிந்தது. குவார்ட்ஸ் மின்சாரத்தைக் கடத்தாது, தங்கம் கடத்தும்; ஆகவே முதல் துணுக்கு விழுந்த இடமே அடுத்தடுத்த துணுக்குகளுக்கு மின்முனையாகிவிடுகிறது. மலையளவில் மணிகள் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்வது இங்கே தடையே இல்லை, ஏனென்றால் தங்கம் படிய ஒரு படிகத்தின் முகம் போதும். பூமியின் பிளவுகளில் சூடான நீர் ஏறி இறங்கி, நடுக்கத்துக்கு மேல் நடுக்கமாக அடி வாங்கி உருவானவை குவார்ட்ஸ் ரீஃப்கள். தங்கவயலின் ரீஃபும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த வயல் இது. அதில் ஒரு பங்காவது பழைய நிலநடுக்கங்களின் மின்சாரம் சேர்த்து வைத்தது என்று வந்தால், கதை ஒரு சுற்று சுற்றுகிறது: நடுக்கம் தங்கத்தைச் சேர்த்தது, தங்கத்தை எடுக்கப் போய் நடுக்கம் வந்தது. மோனாஷ் சோதனை கோலார்க் கல்லில் செய்யப்பட்டதல்ல. ஆகவே இதை வாய்ப்பு என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலநடுக்க ஒளியை ஆராய்பவர்களுக்கு ஒரு பெரிய தலைவலி, அடுத்த நடுக்கம் எங்கே, எப்போது என்று தெரியாதது. எங்கே போய்க் கருவியை வைப்பது? ஆழ்சுரங்கத்தில் அந்தக் கஷ்டம் பாதிக்குப் பாதி குறைவு. எந்த ஸ்டோப்பில், அதாவது தாது வெட்டும் இடத்தில், சுமை ஏறுகிறது என்பது தெரியும். பாறையின் தன்மை தெரியும். தங்கவயலின் ஜியோஃபோன் வலை ஆயிரக்கணக்கான வெடிப்புகளைக் குறித்தது. உயிர் காக்க அமைத்த வலை அது. ஒளியைப் பார்ப்பது அதன் வேலையல்ல, குறை சொல்ல ஒன்றுமில்லை. வெடிப்பின்போது கீழே இருந்தவர்களுக்குத் தலைவிளக்கின் வட்டமும் தூசிப்புகையும் தவிர வேறு எதையும் பார்க்க அவகாசம் இருந்திருக்காது.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. நீர் இறைத்த பம்புகள் நின்றன. பழைய ஸ்டோப்புகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. நீர் நிரம்பும் சுரங்கத்தால் உண்டாகும் அதிர்வுகளைத் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனத்தார் மூடிய பிறகும் பதிவு செய்து ஆராய்ச்சிக் கட்டுரைகளாக்கினார்கள். வெட்டும்போது உலர்ந்த பாறை உடைந்தது, இப்போது நனைந்த பாறை உடைகிறது. டால்கிரன் ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்ட இரண்டு நிலைகளும் ஒரே வயலில் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன.

சாம்பியன் ரீஃப், மைசூர் மைன், நந்திதுர்க் மைன் எதிலாவது வேலை பார்த்த பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராக் பர்ஸ்ட் நேரத்தில் கீழேயோ, இரவில் மேலேயோ வெளிச்சம் எதையாவது பார்த்திருந்தால் எழுதி அனுப்புங்கள். எந்த ஆண்டு, எந்த லெவல், விளக்குகள் எரிந்துகொண்டிருந்தனவா அணைந்திருந்தனவா, சத்தத்துக்கு முன்னாலா பின்னாலா, என்ன நிறம், எத்தனை நொடி என்பவை முக்கியம். மேலே பார்த்திருந்தால், அந்தத் திசையில் மின்கம்பி போனதா என்பதையும் மறக்காமல் சேருங்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்றால் அதையும் ஒரு வரி எழுதுங்கள், அதுவும் சாட்சியம்தான்.

(தொடரும்)